பங்கு அலுவலகத்துக்கு வருமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலையும் அதன் எல்லைக்குள் வாழும் மக்களையும் கொண்டது ஒரு பங்கு) மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். அலுவலக நேரமும் படிவங்களும் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். அவற்றைக் கோயில் பணியாளர்களான உபதேசியாரிடமோ கோயில்பிள்ளையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை கோயில் பதிவேட்டில் ஏறிய பெயரிலும் தேதியிலும்தான் தொடங்குகின்றன. அதனால் அந்தப் பகுதிகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

புதிதாகக் குடிவந்திருக்கிறோம். எந்தப் பங்கில் சேர்வது?

வீடு எந்தப் பங்கின் எல்லைக்குள் இருக்கிறதோ அதுதான் உங்கள் பங்கு. ஞாயிறு பூசைக்கு எந்தக் கோயிலுக்கும் போகலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் திருமுழுக்கு, திருமண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு), அடக்கம் ஆகியவற்றுக்கு எல்லைப் பங்குதான் பொறுப்பு. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, ஐந்தாண்டு தங்கிவிட்டாலோ அது நிரந்தர உறைவிடம். மூன்று மாதம் தங்கினாலே தற்காலிக உறைவிடம் ஆகிவிடும். வாடகை வீடுதானே என்று ஒதுங்கியிருக்க வேண்டாம்.

பழைய பங்கின் குடும்ப அட்டை அல்லது பங்குத்தந்தையின் கடிதம், உங்கள் திருமணச் சான்று, பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு வாருங்கள். சொந்த ஊரில் கோயில் வரி கட்டுகிறோம், இங்கே எதற்குப் பதிவு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது, அவள் யார் என்று இரு பங்குக்கும் தெரியாத நிலை வருகிறது.

அன்பியக் கூட்டத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடும் செபக் குழு) கட்டாயம் போக வேண்டுமா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் பல பங்குகளில் திருமுழுக்கு, திருமணப் படிவங்களில் அன்பியப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைப் பார்த்தே இராதவர் எப்படிக் கையெழுத்திடுவார்?

பாட்டு, இறைவாக்கு, பகிர்வு, மன்றாட்டு, பங்குச் செய்தி எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் கூட்டம் நிலைக்கும். பல அன்பியங்கள் படுத்துப்போவது பலகாரத்தால். ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் வடை பாயசம் என்று போட்டி ஏறினால், இல்லாத வீடுகள் தங்கள் முறை வரும்போது ஊருக்குப் போய்விடும். எல்லா வீட்டிலும் வெறும் தேநீர்தான் என்று முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னென்ன வேண்டும்?

பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுப்பதே திருச்சபை கேட்பது. வெளிநாட்டு மாமா வரட்டும், மண்டபம் கிடைக்கட்டும் என்று ஒரு வருடம் தள்ளுவது நம் பழக்கமே தவிர விதி அல்ல. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்று, ஞானப்பெற்றோரின் பங்கிலிருந்து கடிதம் ஆகியவற்றோடு இரண்டு வாரம் முன்பே வந்து பதியுங்கள். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஒரு தயாரிப்பு வகுப்பு இருக்கும்.

பெற்றோரின் திருமணம் கோயிலில் நடக்கவில்லை என்றால் குழந்தைக்குத் திருமுழுக்கு இல்லை என்று ஒரு வதந்தி உலவுகிறது. அது சரியல்ல. பிள்ளை கத்தோலிக்க நம்பிக்கையில் வளரும் என்ற உறுதியைத்தான் பங்குத்தந்தை பார்ப்பார். உங்கள் திருமணத்தை எப்படி முறைப்படுத்தலாம் என்பதையும் அதே நேரத்தில் பேசிவிடலாம்.

ஞானப்பெற்றோராக யார் இருக்கலாம்? எங்கள் குடும்ப நண்பர் சி.எஸ்.ஐ. சபைக்காரர்.

ஒருவர் போதும். இருவர் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். 16 வயது நிரம்பியவராக, புதுநன்மையும் (முதல் நற்கருணை) உறுதிபூசுதலும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். குழந்தையின் தாயோ தகப்பனோ ஞானப்பெற்றோர் ஆக முடியாது. சி.எஸ்.ஐ. நண்பர் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம், ஏட்டிலும் சாட்சி என்றே எழுதப்படும்.

பெரும்பாலும் தடங்குவது உறுதிபூசுதலில்தான். கல்லூரிக்கு வெளியூர் போன பிள்ளைகள் அதைப் பெறாமலேயே விட்டிருப்பார்கள். சித்தப்பாவிடம் சட்டை அளவு கேட்கும்முன் இதைக் கேளுங்கள்.

ஏட்டில் என்ன பெயர் எழுதுவது? வீட்டில் ஒன்று, நகராட்சியில் ஒன்று, புனிதர் பெயர் ஒன்று இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே முதலில் எழுதச் சொல்லுங்கள். புனிதர் பெயரை அதன்பின் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயரே ஏறவில்லை என்றால், அதை முடித்துவிட்டுக் கோயிலுக்கு வருவது நல்லது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதன்பின் 15 ஆண்டு வரை கட்டணத்தோடு சேர்க்கலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது தலைப்பெழுத்து. அ. ஜான் என்று எழுதினால் அ என்பது அந்தோணியா ஆரோக்கியமா என்று இருபது வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. தகப்பன் பெயரை முழுதாக விரித்து எழுதுங்கள். இரண்டாவது தாயின் பெயர். மனைவியைக் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடும் கணவர்கள் அதிகம், ஆகவே ஆதாரைப் பார்த்தே எழுத வேண்டும். மூன்றாவது பிறந்த தேதியும் திருமுழுக்குத் தேதியும் இடம் மாறுவது. படிவத்தில் இரண்டும் அடுத்தடுத்த கட்டத்தில் இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. ஏட்டில் ஏறும்முன் பெற்றோரே ஒருமுறை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம். திருமுழுக்குச் சான்று அதற்கு மாற்று ஆகாது.

ஏட்டில் பிழை இருக்கிறது. திருத்தித் தருவீர்களா?

பழைய எழுத்தை அடிக்கவோ சுரண்டவோ வெள்ளை பூசவோ கூடாது. உபதேசியார் தெரிந்தவர் என்றாலும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற ஆவணங்களோடு விண்ணப்பம் எழுதினால், அது ஆயரகத்துக்கு (மறைமாவட்டத் தலைவரான ஆயரின் அலுவலகம்) போய் அனுமதி வந்தபின் ஏட்டின் ஓரத்தில் திருத்தம் குறிக்கப்படும். அனுமதி எண்ணும் தேதியும் அங்கேயே எழுதப்படும். அவசரம் என்று விசா நேர்காணலுக்கு முந்தின நாள் வருவதில் பயனில்லை.

தாத்தாவின் திருமுழுக்குப் பதிவு கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?

முதலில் ஊரை உறுதிசெய்யுங்கள். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். அப்படியானால் பதிவு தாய்ப் பங்கின் ஏட்டில் கிடக்கும். முதல் பிள்ளையை அம்மா வீட்டில் பெறுவது வழக்கம் என்பதால், பாட்டி ஊர்ப் பங்கையும் பாருங்கள்.

அடுத்தது பெயர். நம் முன்னோர் புனிதர் பெயர்களைத் தமிழாக்கி வழங்கினார்கள். பழைய ஏடுகளில் குருக்கள் அவற்றை லத்தீனில் எழுதினார்கள். ஊரில் சூசை என்றால் ஏட்டில் யோசேப்புஸ் என்று இருக்கலாம். இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான், சந்தியாகு, யாகப்பன் என்றால் யாக்கோபு. சவரிமுத்துவும் சவரியாரும் பிரான்சிஸ் சேவியரிலிருந்து வந்தவை. பெண்களில் பாதிப் பேர் வெறும் மரியா. அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் மூன்றையும் கொண்டுவாருங்கள். தாத்தாவின் அண்ணன் தம்பிகளுக்கு யார் ஞானத்தகப்பன் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே பல முடிச்சு அவிழும்.

வயதையும் நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டியும் குறைத்தும் போட்ட காலம் அது. சொன்ன வருடத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடம் பாருங்கள். தாத்தாவின் திருமணப் பதிவு கிடைத்தால் அதில் அவர் எந்தப் பங்கில் திருமுழுக்குப் பெற்றார் என்ற குறிப்பு இருக்கலாம். தேடித் தருவதற்கு அலுவலகத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கறையான் அரித்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்துக்கு நடுவில் நடக்காது.

குழந்தை மருத்துவமனையில் ஆபத்தான நிலையில் இருக்கிறது. சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம், செவிலியர் இந்துவாக இருந்தாலும் சரி. தலையில் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே பெயரைச் சொல்லி, 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றுபவரே வார்த்தையையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்ற ஒருவர் சொல்லக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில துளிகள் தோலில் ஓடினால் போதும். நேரத்தையும் கொடுத்தவர் பெயரையும் குறித்துவைத்துப் பங்கில் தெரிவியுங்கள். குழந்தை பிழைத்தால் மீண்டும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மீதிச் சடங்குகள் மட்டும் கோயிலில் நடக்கும்.

திருமணத்துக்கு எத்தனை நாள் முன்னால் வர வேண்டும்?

மூன்று மாதம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் வாருங்கள். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பெரும்பாலான மறைமாவட்டங்களில் ஆயரின் அனுமதியின்றித் திருமணம் வைப்பதில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் ஒவ்வோர் ஆண்டும் மாறும் என்பதை மறந்து, பிப்ரவரி இறுதியில் மண்டபம் பிடித்துவிட்டு வருபவர்கள் எல்லா ஆண்டும் உண்டு.

இருவரும் தங்கள் திருமுழுக்குப் பங்கிலிருந்து புதிதாக எடுத்த சான்று கொண்டுவர வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் பழையது கூடாது. பீரோவில் பத்திரமாக இருக்கும் சின்ன வயதுச் சான்று ஏன் செல்லாது என்று கேட்கிறார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் குறிக்கப்படும். அந்த ஓரக் குறிப்போடு வரும் புதுச் சான்றுதான் நீங்கள் மணமாகாதவர் என்பதைக் காட்டுகிறது.

அதன்பின் திருமணத் தயாரிப்பு வகுப்பு. ஆயரகம் நடத்தும் நாள்களை முன்பே கேட்டு இடம் பிடியுங்கள். பிறகு பங்குத்தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியே விசாரித்து எழுதிக்கொள்வார். இந்த விசாரணையில் பெற்றோர் உடன் இருக்கக் கூடாது. விருப்பமில்லாமல் சம்மதித்த பிள்ளை அதைச் சொல்ல அந்தப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. பிறகு இரு பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படும். ஏதாவது தடை தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்பதுதான் ஓலையின் நோக்கம். எதிர்ப்பு இல்லை என்ற கடிதம் மறு பங்கிலிருந்து வந்தால்தான் மந்திரிப்பு (கோயிலில் திருமணச் சடங்கு).

துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். நீதிமன்ற விவாகரத்து மட்டும் போதாது, மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் செய்த மாற்றத்துக்குப் பின், திருமணம் செல்லாது என்ற ஒரே தீர்ப்பு போதும். அதை இரண்டாவது மன்றம் உறுதிப்படுத்தத் தேவையில்லை.

அத்தை மகனைக் கட்டலாமா? அக்கா மகளை?

இரத்த உறவில் பக்கக் கிளையில் நான்காம் படிவரை தடை உண்டு. எண்ணுவது எளிது. பொது மூதாதையரை விட்டுவிட்டு, இரு பக்கமும் உள்ள ஆட்களை எண்ணுங்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் நான்கு. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் மூன்று. இரண்டுக்கும் ஆயரின் விதிவிலக்கு இல்லாமல் திருமணம் செல்லாது. நான்காம் படிக்குக் கேட்டால் கிடைப்பது வழக்கம். மூன்றாம் படிக்கு ஆயர்கள் தயங்குவார்கள், வலுவான காரணம் கேட்பார்கள். தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்ற அளவில் வரும் உறவு ஆறாம் படி, அதற்குத் தடையே இல்லை.

உறவைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து மறைப்பதும் நடக்கிறது, விதிவிலக்கு வர நாளாகும் என்ற பயத்தால். மறைத்து நடந்த திருமணம் திருச்சபைச் சட்டப்படி திருமணமே அல்ல. வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இறந்த மனைவியின் தங்கையைக் கட்டுவதற்கு இப்போது தடை இல்லை. 1983-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது நீக்கப்பட்டது. பெரியவர்கள் பழைய நினைவில் அதற்கும் அனுமதி வேண்டும் என்பார்கள்.

மணமகன் இந்து. அல்லது பெந்தகோஸ்தே சபை. என்ன செய்வது?

திருமுழுக்குப் பெறாதவர் என்றால் ஆயரின் விதிவிலக்கு கட்டாயம். அவர் மதம் மாற வேண்டிய அவசியம் இல்லை. கத்தோலிக்கத் தரப்பு தன் நம்பிக்கையைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்கும். மறு தரப்புக்கு அது தெரிவிக்கப்படும். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872 மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் பொருந்தும் என்பதால், கோயில் திருமணம் நாட்டுச் சட்டப்படியும் செல்லும்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைத் திருமுழுக்கைத் திருச்சபை ஏற்கிறது. அங்கே விதிவிலக்கு அல்ல, அனுமதி போதும். பெந்தகோஸ்தே என்றால் எந்த வார்த்தையால் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். சில குழுக்கள் 'இயேசுவின் பெயரால்' என்று மட்டும் சொல்லிக் கொடுக்கின்றன. மூவொரு கடவுளின் பெயர் இல்லாத அந்தத் திருமுழுக்கு செல்லாது. பாஸ்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்.

கன்னியாகுமரிப் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே லத்தீன் மறைமாவட்டங்களோடு தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டமும் மார்த்தாண்டம் சீரோ மலங்கரை மறைமாவட்டமும் இருக்கின்றன. அவர்களும் கத்தோலிக்கர்களே, கலப்பு மணத்துக்கான அனுமதி தேவையில்லை. ஆனால் ஒருவர் இந்தக் கீழை முறைகளைச் சேர்ந்தவர் என்றால் திருமணத்தைக் குருவானவர்தான் நடத்த வேண்டும், குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டர் நடத்தினால் செல்லாது.

கோயிலில் நடந்த திருமணத்தை அரசிடமும் பதிய வேண்டுமா?

வேண்டும். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பங்கில் தரும் சான்றின் பெயர்களும் ஆதாரின் பெயர்களும் ஒத்திருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

திருப்பலிக் கருத்து (பூசை யாருக்காக, எதற்காக என்ற வேண்டுதல்) எப்படிக் கொடுப்பது? ஒரே பூசையில் ஏன் பத்துப் பெயர் வாசிக்கிறார்கள்?

உறையில் பணம் போட்டுப் பீடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அலுவலகத்தில் ஏட்டில் எழுதி ரசீது வாங்குங்கள். யாருக்காக, இறந்தவரா நன்றியா, எந்தத் தேதி, எத்தனை மணிப் பூசை என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். முப்பதாம் நாள், ஆண்டு நினைவு போன்றவை தேதி தவறக் கூடாதவை, ஆகவே ஒரு மாதம் முன்பே பதியுங்கள்.

ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை என்பதுதான் சட்டம். பலருடைய கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதென்றால் கொடுத்தவர்கள் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். குரு ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரே ஒரு காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸ் நாள் மட்டும் விலக்கு. ஞாயிறு பூசைகளில் ஒன்றைப் பங்கு மக்கள் அனைவருக்காகவும் காணிக்கையின்றி ஒப்புக்கொடுக்க வேண்டிய கடமையும் பங்குத்தந்தைக்கு உண்டு. கையில் பணம் இல்லை என்றால் சொல்லுங்கள். காணிக்கை இல்லாமலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்குமாறு சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது.

பூசையில் எங்கள் குழுவின் அறிவிப்பை வாசிக்க வேண்டும்.

வெள்ளி மாலைக்குள் எழுத்தில் கொடுங்கள். அறிவிப்புக்கு உரிய இடம் நன்றி மன்றாட்டுக்குப் பின், இறுதி ஆசிக்கு முன். மக்கள் நின்று புறப்படும் நேரம் என்பதால் மூன்று வரிக்குமேல் யார் காதிலும் ஏறாது. 'வருகிற ஞாயிறு' என்று எழுதாதீர்கள், அது இன்றா அடுத்த வாரமா என்று வாசலில் சண்டை வரும். தேதி, கிழமை, மணி, இடம், யாரிடம் பெயர் கொடுப்பது, கடைசி நாள் எது என்ற ஆறும் இருந்தால் போதும். நன்றி சொல்ல வேண்டிய நன்கொடையாளர் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பலகையிலும் போடுங்கள். ஆறு மணிப் பூசைக்கு வரும் ஆயாக்களில் பலரிடம் அந்தக் கைப்பேசி இல்லை.

பழைய குருத்தோலையை என்ன செய்வது?

சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு கோயிலில் கொடுங்கள், அதை எரித்த சாம்பல்தான் அன்று நெற்றியில் இடப்படும். பிளாஸ்டிக் பூ, ரிப்பன் எல்லாம் அவிழ்த்துவிட்டுக் கொடுங்கள். எரித்துச் சலிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள், காரத்தன்மை ஏறி நெற்றியைப் புண்ணாக்கும்.

திருவிழாத் தேர்ப்பவனிக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும்?

காவல் நிலையத்தில் பாதை, நேரம், பொறுப்பாளர்களின் கைப்பேசி எண்ணோடு மனுக் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. நவநாள் மறையுரை நீண்டு, ஒன்பதரைக்குத்தான் சப்பரம் புறப்படுகிறது என்றால் பிழை போலீசாரிடம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் மின்கம்பி. சிலுவை, குடை, தொடர் விளக்கு எல்லாம் ஏற்றியபின் சப்பரத்தின் முழு உயரத்தை நாடாவால் அளந்து பாருங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே மின்வாரிய ஆளோடு பாதை முழுக்க நடந்து, தாழ்ந்த கம்பிகளைக் குறியுங்கள். பவனி நேரத்தில் மின்சாரத்தை நிறுத்த எழுதிக் கேளுங்கள். கம்பியைக் கம்பால் தூக்கிவிடுவது எந்த ஊரிலும் வேண்டாம். 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். அலங்கார வேலைக்கு மூங்கில் ஏணியையே பயன்படுத்துங்கள், அதுவும் காய்ந்ததாக இருக்கட்டும். ஜெனரேட்டரைச் சப்பரத்தின் மேலேயே வைத்தால் டீசலும் மெழுகுவர்த்தியும் அருகருகே வந்துவிடும், தனி வண்டியில் பின்னால் வரட்டும்.

திருவிழா அசனத்துக்கு (பொது விருந்து) எவ்வளவு அரிசி போடுவது?

நூறு பேருக்கு 12 கிலோ அரிசி, 8 முதல் 10 கிலோ கறி. பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம் வரும் ஊரில் அரிசி 11 கிலோவே போதும். தலைக்கட்டுக் கணக்கோடு, விழாவுக்கு வரும் மருமக்களையும் வெளியூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள். சோற்றை மொத்தமாக ஒரே நேரத்தில் வடித்து மூடி வைத்தால் அடியில் வேர்த்துப் புளித்துவிடும். பந்திக்குப் பந்தி வடியுங்கள், வடித்ததைப் பாயில் பரப்பி ஆறவிடுங்கள். கறிக்குழம்பை இறக்கி நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். மிச்சத்தை மறுநாள் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது பாசம்தான், ஆனால் வயிற்றுப்போக்கில் முடியும்.

வீட்டில் பெரியவர் படுக்கையில் இருக்கிறார். எப்போது சாமியாரைக் கூப்பிடுவது?

நினைவு இருக்கும்போதே. நோயில்பூசுதலைப் பழையபடி 'அவஸ்தை' (சாகும் நேரத்துச் சடங்கு) என்று நினைத்து, சாமியார் வந்தால் ஆள் போய்விடுவார் என்று பயந்து கடைசி மூச்சுவரை தள்ளுகிறார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும், முதுமைத் தளர்ச்சியிலும் வாங்கலாம். நோய் முற்றினால் மீண்டும் வாங்கலாம். இறந்தவருக்குப் பூசுவதில்லை, செபம் மட்டும்தான். மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, கொஞ்சம் பஞ்சு, ஒரு தம்ளர் தண்ணீர் வையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். நற்கருணைக்கு முந்தின ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவருக்கும் இல்லை. விழுங்க முடியாதவர் என்றால் முன்பே சொல்லுங்கள், சிறு துணுக்கு கொடுப்பார்கள்.

இறப்பு நேர்ந்தால் முதலில் யாரிடம் சொல்வது?

அன்பியப் பொறுப்பாளரிடமும் உபதேசியாரிடமும். துக்க மணி அடிக்கவும் குழி வெட்டவும் அவர்கள்தான் ஏற்பாடு செய்வார்கள். அடக்க நேரத்தைச் சுவரொட்டியில் அச்சடிக்குமுன் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி ஆகிய நாள்களிலும், திருவருகைக் கால, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகளிலும், கடன் திருநாள்களிலும் (கட்டாயம் பூசை காண வேண்டிய பெருவிழாக்கள்) அடக்கத் திருப்பலி கிடையாது. அன்று செபங்களோடு அடக்கம் செய்து, வேறு நாளில் பூசை வைக்கலாம்.

தகனம் 1963 முதல் அனுமதிக்கப்பட்டது. ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். இறப்பையும் 21 நாளுக்குள் அரசிடம் பதியுங்கள். கோயில் இறப்பு ஏட்டை வைத்து வங்கியில் பணம் எடுக்க முடியாது.

கல்லறையில் எங்கள் சாதிக்குத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஒரே பதில்தான்: கிடையாது. 2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் கொள்கை, சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே சொல்கிறது. சுவர் இன்னும் நிற்கிற ஊர்களில் நிற்பது பழக்கம்தான், சட்டம் அல்ல.

திருமுழுக்குப் பெற்றால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகும் ஆதிதிராவிடருக்கு எஸ்.சி. தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது அநீதி என்று திருச்சபை பல பத்தாண்டுகளாகப் போராடுகிறது. ஆனால் ஏட்டில் பதியாமல் கொடுங்கள் என்று கேட்டால் பங்குத்தந்தையால் முடியாது, பதிவு கட்டாயம். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அவரது திருமுழுக்குப் பதிவும் சான்றாக எடுக்கப்பட்டது. தெரிந்தே முடிவெடுங்கள்.

கோயில் கட்ட நன்கொடை கொடுத்தால் வரிவிலக்கு உண்டா? கனடாவில் இருக்கும் தம்பி பணம் அனுப்பலாமா?

பங்குக்குக் கொடுக்கும் நன்கொடைக்குப் பொதுவாக வருமான வரி விலக்குக் கிடைக்காது. அது ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கான அமைப்பு என்பதே காரணம்.

தம்பியிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகப் பங்குக் கணக்குக்கு அனுப்பலாம். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அரசிடம் பதிவு பெற்ற அமைப்பின் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பெரும்பாலும் அது மறைமாவட்டச் சங்கத்தின் பெயரில் இருக்கும், ஆயரகப் பொருளாளரிடம் கேளுங்கள். அண்ணன் கணக்குக்கு அனுப்பி அண்ணன் பெயரில் ரசீது போடச் சொல்லும் குறுக்குவழிக்கு நிதிக்குழு இணங்கக் கூடாது.

பங்குத்தந்தை மாற்றலாகிறார். எங்கள் வேலை பாதியில் நிற்கிறதே?

மாற்றல்கள் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். ஏடுகளும் முத்திரையும் கணக்கும் எழுத்தில் ஒப்படைக்கப்படும் என்பதால் எதுவும் தொலையாது, ஆனால் இரண்டு வாரம் தேங்கும். ஜூனில் விசாவுக்கோ கல்லூரிக்கோ சான்று தேவை என்றால் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். விசாரணை எழுதி முடிந்த திருமணங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை, கோப்பு பங்கிலேயே இருக்கும். முன்பணம் கட்டிய பூசைக் கருத்துகளுக்கு ரசீதை எடுத்துக்கொண்டு வந்து, கருத்து ஏட்டில் உங்கள் தேதி இருக்கிறதா என்று புதியவரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள்.